வடிவியல் வகுப்புக்குக் காகிதமா, கவராயமா, கணினியா?

ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை கணக்குப் பாடம் எடுக்கும் எவருக்கும் வடிவியல் வரும்போது இந்தக் கேள்வி வந்தே தீரும். கையில் இருப்பது கொஞ்சம் பாடவேளைகள். அதற்குள் தட்டையான உருவங்களையும் நடத்தியாக வேண்டும், கன உருவங்களையும் நடத்தியாக வேண்டும். காகிதமும் கத்தரிக்கோலுமாக உட்கார்ந்து வெட்டி ஒட்ட வைப்பதா, கவராயமும் அளவுகோலும் கொடுத்து வரைய வைப்பதா, கணினித் திரையில் இழுத்துச் சுழற்றிக் காட்டுவதா, இல்லை மரத்திலோ பிளாஸ்டிக்கிலோ செய்த மாதிரிகளை வாங்கி மேசையில் வைத்துவிடுவதா? இதற்கெல்லாம் முன்னால் இன்னொன்றும் இருக்கிறது: முதலில் இருபரிமாணமா, முப்பரிமாணமா?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காரணங்களைப் பிறகு பார்க்கலாம். கன உருவத்தில் தொடங்குங்கள். நேரத்தில் பெரும்பங்கைக் காகிதத்துக்குக் கொடுங்கள். முக்கோணத்துக்கும் வட்டத்துக்கும் கவராயத்தைக் கட்டாயம் எடுங்கள். கணினி இரண்டு மூன்று இடங்களுக்கு மட்டும் போதும், ஆனால் அந்த இடங்களில் தயங்கவே வேண்டாம். விலைக்கு வாங்கும் மாதிரிகள் கடைசி, அதிலும் ஒரே ஒரு பொருளுக்குத்தான் நான் விலக்குக் கொடுப்பேன்.

எதில் தொடங்குவது

பெரும்பாலான பாடநூல்கள் புள்ளி, கோடு, கோணம், முக்கோணம், நாற்கரம், வட்டம் என்று போய்க் கடைசியில்தான் கனசதுரத்துக்கும் உருளைக்கும் வந்து சேரும். பழைய கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் போட்ட பாதை இது. அவர் எழுதிய வடிவியல் நூலின் 13 பகுதிகளில் தள வடிவியல் முதலிலேயே வந்துவிடுகிறது, கன உருவங்கள் 11-ஆம் பகுதிக்கு முன்னால் தலைகாட்டுவதில்லை. ஒன்றிலிருந்து ஒன்றை நிறுவிக்கொண்டு போவதற்கு இதைவிட நல்ல வரிசை கிடையாது. ஆனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு உலகம் அந்த வரிசையில் அறிமுகமாகவில்லையே. தடிமனே இல்லாத ஒரு சதுரத்தை யாரும் தொட்டுப் பார்த்ததில்லை. பெட்டியைத்தான் தொட்டிருக்கிறோம், அதன் ஒரு முகத்தைத்தான் சதுரம் என்கிறோம்.

இதற்கு நேர் எதிரான வரிசையை 1830-களில் ஜெர்மனியில் ஃபிரெட்ரிக் ஃப்ரோபெல் வகுத்தார், கிண்டர்கார்டனைத் தொடங்கிவைத்த அதே ஃப்ரோபெல்தான். அவர் பிள்ளைகள் கையில் முதலில் கொடுத்தது நூல் பந்து, அடுத்து மரத்தாலான கோளம், உருளை, கனசதுரம், அதற்கடுத்துத் துண்டு துண்டாகப் பிரிக்கக்கூடிய கனசதுரங்கள், அப்புறம்தான் தட்டையான பலகைத் துண்டுகளும் குச்சிகளும், கடைசியாகப் புள்ளி. அவர் யோசித்தது சின்னப் பிள்ளைகளுக்காக, சரி. ஆனால் பொருளிலிருந்து முகம், முகத்திலிருந்து விளிம்பு, விளிம்பிலிருந்து முனை என்று இறங்கி வரும் அந்த யோசனை பதினொன்று, பன்னிரண்டு வயதிலும் நன்றாகவே வேலை செய்கிறது.

தளத்தில் தொடங்குவதில் நடைமுறைச் சிக்கல் ஒன்றும் இருக்கிறது. ஆண்டின் கடைசியில் வரும் கன உருவங்களுக்கு நேரமே இருக்காது. புறப்பரப்புக்கு ஒரு சூத்திரம், கன அளவுக்கு ஒரு சூத்திரம், நான்கு கணக்கு, முடிந்தது. பிள்ளை உருளையின் மொத்தப் புறப்பரப்புச் சூத்திரத்தை ஒப்பிக்கும், ஆனால் உருளையின் வளைந்த பக்கத்தை வெட்டி விரித்தால் செவ்வகம் வரும், அந்தச் செவ்வகத்தின் நீளம்தான் அடி வட்டத்தின் சுற்றளவு என்று கேட்டால் விழிக்கும்.

கன உருவத்தில் தொடங்குவதிலும் தொல்லை இல்லாமல் இல்லை. கனசதுரத்தைப் பார்த்துச் சதுரம் என்பார்கள், கோளத்தைப் பார்த்து வட்டம் என்பார்கள். பரப்பளவு தெரியாமல் புறப்பரப்புக்குப் போகவும் முடியாது. அதனால் நான் சொல்வது அளவே இல்லாத ஒரு தொடக்கம். முதல் சில பாடவேளைகளுக்குச் சூத்திரம் வேண்டாம், எண்ணுவதும் தொடுவதும் மட்டும் போதும். கிடைக்கிற பெட்டி, குழாய், பந்து, கூம்பு எல்லாவற்றையும் குவித்து வைத்துப் பிரிக்கச் சொல்லுங்கள். எதை வைத்துப் பிரித்தார்கள் என்று கேளுங்கள். பிறகு ஒவ்வொன்றையும் தாளின்மேல் வைத்து, முகத்தைச் சுற்றிப் பென்சிலால் வரையச் சொல்லுங்கள். சதுரமும் செவ்வகமும் வட்டமும் முக்கோணமும் அங்கே பிறக்கும், தளப் பாடம் அந்தத் தாளிலிருந்து தொடங்கும். அளவு, பரப்பளவு எல்லாம் முடிந்தபின் மறுபடி அதே பெட்டிகளுக்குத் திரும்பி வரலாம்.

இந்தத் தொடக்கத்தில் தவறவிடக் கூடாத இடம், விளிம்புகளை எண்ணுவது. கனசதுரத்துக்கு எத்தனை விளிம்பு என்று கேட்டால் யாராவது ஒருவர் 24 என்பார். ஆறு முகம், முகத்துக்கு நான்கு பக்கம், ஆக 24. தப்பு என்று உடனே சொல்லாதீர்கள், ஏனென்றால் அந்தப் பெருக்கலில் தப்பே இல்லை. ஒரு விளிம்பை விரலால் பிடிக்கச் சொல்லி, இது எந்த முகத்துக்குச் சொந்தம் என்று கேளுங்கள். இரண்டு முகத்துக்கும் என்ற பதில் வந்ததும் 24 தானாகவே 12 ஆகிவிடும். முனைக்கும் அதே வழிதான்: 24 மூலைகள், ஒரு முனையில் மூன்று சேர்கின்றன, ஆக 8. இப்படி எண்ணத் தெரிந்த பிள்ளையிடம் அறுங்கோணப் பட்டகத்தை (அடியும் மேலும் ஒரே அறுங்கோணம், பக்கங்கள் செவ்வகம்) கொடுத்தால் 8 முகம், 18 விளிம்பு, 12 முனை என்று தடுமாறாமல் சொல்லும். முகத்தையும் முனையையும் கூட்டி விளிம்பைக் கழித்தால் 2 என்ற ஆய்லர் சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதிப்போட வேண்டிய அவசியமே இல்லை. நான்கைந்து உருவங்களுக்கு அட்டவணை போட்டால் அவர்களே பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.

காகிதம்: என் வாக்கு இதற்குத்தான்

காகிதத்துக்கு நான் இவ்வளவு இடம் கொடுப்பதற்குக் காரணம், இருபரிமாணமும் முப்பரிமாணமும் ஒன்றுக்குள் ஒன்று மாறுவதைக் கையாலேயே செய்து பார்க்க முடிவது இதில்தான். தட்டையாக இருக்கிறது, மடித்தால் பெட்டி, பிரித்தால் மறுபடி தட்டை.

கனசதுரத்தை விளிம்போரம் வெட்டி விரித்தால் கிடைக்கும் தட்டை உருவத்தை வலை என்கிறோம். ஆறு சதுரங்களைப் பக்கத்தோடு பக்கம் சேர்த்து 35 விதமான உருவங்கள் செய்யலாம், அவற்றில் 11 மட்டுமே கனசதுரமாக மடியும். இந்தப் பதினொன்றையும் கட்டத்தாளில் தேடிக் கண்டுபிடிப்பதற்கு இரண்டு பாடவேளை முழுசாக ஒதுக்கலாம், வீணாகாது. முதலில் எல்லோரும் சிலுவை வடிவத்தைத்தான் வரைவார்கள். அதைத் தவிர வேறு கிடையாது என்று அடித்துச் சொல்பவர்களும் இருப்பார்கள். பிறகு ஒருவர் மேலே இருக்கும் சதுரத்தைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துப் பார்ப்பார், மடியும். அங்கிருந்து வகுப்பு வேகம் எடுக்கும். நான்கு சதுரம் வரிசையாக நின்று இருபுறமும் ஒவ்வொன்று ஒட்டியவை 6, நீள வரிசை மூன்றாகவும் அதன் இருபுறமும் இரண்டும் ஒன்றுமாக இருப்பவை 3, படிக்கட்டுப் போல இரண்டிரண்டாகப் போவது 1, மூன்று மூன்றாகப் போவது 1.

நடுவில் ஒரு சண்டை வரும், வரட்டும். நான் கண்டுபிடித்தது வேறு, நீ கண்டுபிடித்தது வேறு என்பார்கள். வெட்டி ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்தால் திருப்பிப் போட்ட அதே வலையாக இருக்கும். சுழற்றினாலும் புரட்டினாலும் ஒன்றோடொன்று பொருந்துபவை ஒன்றேதான் என்று வகுப்பே ஒரு முடிவுக்கு வரும். சர்வசமத்துக்கு இதைவிட நல்ல அறிமுகத்தை நான் பார்த்ததில்லை.

அடுத்து நான் கேட்கும் கேள்வி: இரண்டுக்கு இரண்டாக நான்கு சதுரம் சேர்ந்து நிற்கும் எந்த உருவமும் ஏன் மடிய மறுக்கிறது? மடித்துப் பார்த்தால் காகிதம் கசங்கும், அவ்வளவுதான். காரணத்தைத் தேடச் சொல்லுங்கள். நான்கு சதுரமும் சந்திக்கும் புள்ளியில் நான்கு செங்கோணம், 360 பாகை, இடைவெளியே இல்லாமல் நிறைந்துவிட்டது. கனசதுரத்தின் முனையில் மூன்று சதுரம்தான் சேர்கின்றன, 270 பாகை. அந்த மீதி 90 பாகை இல்லாவிட்டால் மடிவதற்கு இடம் ஏது? இந்த ஒரே எண்ணத்தைப் பிடித்துக்கொண்டு மேலேயும் போகலாம். ஒரு முனையில் சமபக்க முக்கோணங்கள் மூன்று சேரலாம், நான்கு சேரலாம், ஐந்து சேரலாம், ஆறு சேர்ந்தால் 360 ஆகித் தட்டையாகிவிடும். சதுரம் மூன்று. ஒழுங்கு ஐங்கோணம் மூன்று. ஒழுங்கு அறுங்கோணம் மூன்று வைத்தாலே 360. ஆக எல்லா முகமும் ஒரே ஒழுங்கு உருவமாய், எல்லா முனையும் ஒரே மாதிரியாய் இருக்கும் கன உருவங்கள் ஐந்துக்கு மேல் இருக்க முடியாது. யூக்ளிட் தன் 13-ஆம் பகுதியின் முடிவில் சொன்ன அதே காரணம் ஏழாம் வகுப்புப் பிள்ளையின் கைக்குள் வந்துவிடுகிறது.

ஒட்டும்போது இன்னொன்றைக் கவனிக்கச் சொல்லலாம். பதினொரு வலைகளில் எதை எடுத்தாலும் சுற்றளவு 14 பக்கம்தான். அந்தப் பதினான்கும் இரண்டிரண்டாகச் சேர்வதால் ஒட்டுவதற்கு 7 பட்டைகள் விட்டால் போதும். ஏற்கெனவே மடிப்பாக இருக்கும் விளிம்புகள் 5, ஒட்டிக் கிடைப்பவை 7, மொத்தம் 12. முதல் வாரம் விரல் வைத்து எண்ணிய அதே பன்னிரண்டு.

செய்முறைக் குறிப்பு ஒன்று, ஏனென்றால் பல வகுப்புகளில் காகித வேலை கோணல்மாணலாகிக் கைவிடப்படுவது இதனால்தான்: தாள் கொஞ்சம் கெட்டியாக இருக்கட்டும், மடிக்கும் முன் மை தீர்ந்த பேனாவால் அளவுகோலை வைத்து மடிப்புக்கோட்டின்மேல் அழுத்தி ஒரு கோடு இழுத்துவிடுங்கள். மடிப்பு கத்தி போல் நேராக வரும்.

கன அளவுக்கு வருவோம். பிரமிடின் கன அளவு அதே அடியும் உயரமும் கொண்ட பட்டகத்தில் மூன்றில் ஒரு பங்கு என்பதைப் பெரும்பாலும் கூம்பில் மணலை நிரப்பி உருளையில் மூன்று முறை கொட்டிக் காட்டுவார்கள். நல்ல செய்முறைதான், நம்ப வைக்கும். ஆனால் ஏன் மூன்று என்று அது சொல்லாது. காகிதம் சொல்லும். 6 செ.மீ. பக்கமுள்ள சதுரம் வரையுங்கள். ஒரு மூலையைத் தேர்ந்தெடுத்து, அந்த மூலையில் சேரும் இரண்டு பக்கங்களின்மேலும் ஒவ்வொரு செங்கோண முக்கோணம், செங்கோணம் அந்த மூலையிலேயே இருக்கட்டும், செங்கோணத்தை ஒட்டிய பக்கங்கள் 6, 6. மீதி இரண்டு பக்கங்களின்மேலும் செங்கோண முக்கோணம்தான், ஆனால் அவற்றின் செங்கோணம் முதல் முக்கோணங்களைத் தொடும் முனையில் இருக்க வேண்டும், செங்கோணத்தை ஒட்டிய பக்கங்கள் 6-உம் ஏறக்குறைய 8.5-உம். வெட்டி மடித்து ஒட்டினால் ஒரு பக்கமாகச் சாய்ந்த பிரமிடு கிடைக்கும், உச்சி நாம் தேர்ந்தெடுத்த மூலைக்கு நேர் மேலே 6 செ.மீ. உயரத்தில் நிற்கும். இதைப்போல் மூன்று செய்து உச்சிகளை ஒரே இடத்தில் சேர்த்துப் பொருத்தினால் 6 செ.மீ. கனசதுரம் அப்படியே உட்காரும். அளந்து பார்க்க எதுவும் மிச்சமில்லை, மூன்றும் ஒரே உருவம். பித்தகோரஸ் தேற்றம் படித்த எட்டாம் வகுப்பாக இருந்தால் அந்த 8.5 எங்கிருந்து வந்தது என்றும் கேட்கலாம்.

தளப் பாடத்திலும் காகிதம் கைகொடுக்கும். இணைகரத்தின் ஒரு முனையில் முக்கோணத்தை வெட்டி மறுமுனையில் வைத்தால் செவ்வகம். ஒரே மாதிரி இரண்டு சரிவகங்களை ஒன்றைத் தலைகீழாக்கிச் சேர்த்தால் இணைகரம், அதனால்தான் அந்தச் சூத்திரத்தில் ஒரு அரை வருகிறது. முக்கோணத்தின் மூன்று மூலைகளையும் கிழித்துச் சேர்த்தால் நேர்கோடு, இது எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கை. கிழித்துக் காட்டுவது நிரூபணம் ஆகாது. அந்த ஒரு முக்கோணத்துக்கு, அதுவும் ஏறக்குறைய, நேர்கோடு வந்தது என்பதுதான் அங்கே தெரிந்த செய்தி. ஏழாம் வகுப்பிலாவது அடிப்பக்கத்துக்கு இணையாக உச்சி வழியே ஒரு கோடு வரைந்து, ஒன்றுவிட்ட கோணங்கள் சமம் என்பதை வைத்து எல்லா முக்கோணத்துக்கும் இது ஏன் நடந்தே தீரும் என்று காட்டிவிட வேண்டும். காகிதம் அந்தக் கேள்வியைக் கிளப்பும், பதிலை வேறு இடத்தில்தான் தேட வேண்டும்.

காகிதத்தின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். நேரத்தை விழுங்கும், ஒரு பாடவேளை வெட்டுவதிலேயே போய்விடும். துல்லியம் போதாது. கோளம் வரவே வராது, ஏனென்றால் கோளத்தின் மேற்பரப்பை நீட்டாமல் சுருக்காமல் தட்டையாக்க முடியாது, 1827-இல் ஜெர்மன் கணித அறிஞர் காஸ் நிறுவிய உண்மை இது. அதனால் கோளத்துக்குக் காகிதத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம். உருளைக்குள் கச்சிதமாக உட்காரும் கோளம் அந்த உருளையில் மூன்றில் இரண்டு பங்கு என்ற ஆர்க்கிமிடீஸின் முடிவைச் சொல்லி, தண்ணீர் வைத்துச் சரிபார்த்துவிட்டுப் போகலாம்.

கவராயமும் அளவுகோலும்

இது பழைய வழி என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. வட்டம் என்பது ஒரு புள்ளியிலிருந்து ஒரே தொலைவில் இருக்கும் புள்ளிகள் என்பதைக் கவராயம் போல எதுவும் உணர்த்தாது. மூடியை வைத்து வரைந்தாலும் வட்டம் வரும், மையம் எங்கே என்று கேட்டால் தெரியாது.

என்னைக் கேட்டால் கவராயத்தின் உண்மையான இடம், மூன்று பக்கம் கொடுத்து முக்கோணம் வரைவது. 5, 6, 7 கொடுங்கள், வந்துவிடும். அடுத்து எதுவும் சொல்லாமல் 3, 4, 8 கொடுங்கள். 8 செ.மீ. கோட்டின் இரு முனையிலிருந்தும் வில் போடுவார்கள், வில்கள் சந்திக்காது. கவராயம் சரியில்லை என்பார்கள், மறுபடி போடுவார்கள். அப்புறம் மெதுவாக ஒருவர், இது சேராது, ரெண்டும் சேர்ந்தே ஏழுதான் என்பார். இரண்டு பக்கங்களின் கூடுதல் மூன்றாவதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும் என்ற விதியை எழுதிப்போட்டால் கிடைக்காத ஒன்று அந்தச் சந்திக்காத வில்லில் கிடைக்கிறது. 3, 4, 7 கொடுத்தால் இன்னும் நன்றாக இருக்கும், வில்கள் கோட்டின்மேலேயே தொட்டுக்கொள்ளும், முக்கோணம் படுத்துவிடும்.

இதன் குறை, படிமுறைகள் மனப்பாடமாகிவிடுவது. கோண இருசமவெட்டியை வரைந்து கொடுத்துவிட்டு, அது ஏன் கோணத்தைச் சரிபாதியாக்குகிறது என்று கேட்டால் பதில் இராது. கோணமானியிலும் ஒரு நிரந்தரத் தொல்லை: இருபுறமும் எண்கள் இருப்பதால் 60-ஐ 120 என்று படிப்பார்கள். அளக்கும் முன் இது செங்கோணத்தைவிடப் பெரிதா சிறிதா என்று சொல்ல வைத்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். கன உருவங்களுக்குக் கவராயத்தால் பெரிய உதவி இல்லை. அங்கே பென்சிலுக்கு வேலை என்றால் அது புள்ளித்தாளில் கனசதுரக் கட்டடங்களை வரைவதுதான், மறைந்திருக்கும் கோட்டைப் புள்ளிக்கோடாகப் போடுவது எப்போதும் உண்டான குழப்பம், அதற்குப் பொறுமை வேண்டும்.

கணினி எங்கே தேவை

இந்த வேலைக்கு இன்று பரவலாக இருப்பது ஜியோஜீப்ரா என்ற மென்பொருள். மார்க்குஸ் ஹோஹென்வார்ட்டர் 2001-இல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது, முப்பரிமாண வரைபகுதி 2014-இல் சேர்ந்தது, வகுப்பறைக்கு இலவசம். இதன் பலம் ஒரே சொல்லில், இழுப்பது.

ஏன் இழுப்பது முக்கியம் என்பதற்கு ஒரு பழைய ஆய்வைச் சொல்ல வேண்டும். நெதர்லாந்தில் பியர் வான் ஹீலெ, டீனா வான் ஹீலெ இருவரும் 1957-இல் கொடுத்த முனைவர் பட்ட ஆய்வுகளில், வடிவியலில் பிள்ளைகளின் சிந்தனை படிப்படியாக நகர்கிறது என்றார்கள். முதல் படியில் உருவம் ஒரு மொத்தப் படம். சதுரத்தைக் கொஞ்சம் சாய்த்து வைத்தால் அது சதுரம் இல்லை என்பார்கள், ஏனென்றால் பழகிய படத்தைப் போல் அது இல்லை. அடுத்த படியில் பண்புகள் தெரிகின்றன. அதற்கடுத்த படியில்தான் பண்புகளுக்கிடையே தொடர்பு புரிந்து, சதுரம் ஒரு செவ்வகமும்தான் என்பது ஏற்புடையதாகிறது. ஆசிரியர் மூன்றாம் படியில் நின்று பேச, பிள்ளை முதல் படியில் நின்று கேட்டால் பாடம் போய்ச் சேராது.

முதல் படியில் மாட்டிக்கொண்டவர்களைத் தூக்கிவிடுவதற்குத் திரை நல்ல கருவி. கண்ணளவில் நான்கு புள்ளி வைத்துச் சதுரம் வரையச் சொல்லுங்கள், பிறகு ஒரு முனையை இழுங்கள், உருவம் சிதைந்துவிடும். செங்குத்துக் கோடுகளும் வட்டமும் வைத்து அமைத்த சதுரத்தை இழுத்தால் பெரிதாகும், சாயும், ஆனால் சதுரமாகவே இருக்கும். எது மாறாமல் நிற்கிறது என்று பார்ப்பதுதான் பண்பைப் பார்ப்பது. முக்கோணத்தின் உச்சியை அடிப்பக்கத்துக்கு இணையான கோட்டில் நகர்த்திக்கொண்டே போனால் உருவம் கோணிக்கொண்டு போகும், பரப்பளவு அசையாது. விரிகோண முக்கோணத்தின் குத்துயரம் உருவத்துக்கு வெளியே விழுவதை எத்தனை முறை கரும்பலகையில் வரைந்தாலும் ஏற்காத பிள்ளை, உச்சியை மெல்ல வெளியே இழுக்கும்போது குத்துயரமும் கூடவே வெளியேறுவதைப் பார்த்ததும் ஏற்றுக்கொள்ளும். கோணங்களைக் கூட்டிப் பார்க்கச் சொல்லும்போது மட்டும் கவனம், தசமத்தை முழுமையாக்கிக் காட்டுவதால் சில நேரம் 180.01 என்று வரும், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

முப்பரிமாணத்தில் திரையை நான் குறைவாகவே நம்புகிறேன். எவ்வளவு சுழற்றினாலும் திரையில் இருப்பது தட்டைப் படம். கையில் கனசதுரத்தை உருட்டிப் பார்த்த பிள்ளைக்கு அந்தப் படம் கனசதுரமாகத் தெரியும், பார்க்காத பிள்ளைக்கு உள்ளே கோடு போட்ட அறுங்கோணமாகத்தான் தெரியும். ஒரு விதிவிலக்கு, வெட்டுமுகம். கனசதுரத்தை ஒரு தளத்தால் வெட்டினால் முக்கோணம் வரும், நாற்கரம் வரும், ஐங்கோணம் வரும், ஆறு விளிம்புகளின் நடுப்புள்ளி வழியாக வெட்டினால் ஒழுங்கு அறுங்கோணமே வரும். எழுகோணம் வராது, வெட்டுவதற்கு முகமே ஆறுதானே. களிமண்ணில் இரண்டு மூன்று வெட்டுக்குமேல் போக முடியாது, திரையில் தளத்தை நகர்த்திக்கொண்டே போகலாம். ஒரே ஒரு கணினிதான் இருக்கிறது என்றாலும் பரவாயில்லை, ஒவ்வொரு முறை நகர்த்தும் முன்னும் என்ன உருவம் வரும் என்று எல்லோரையும் தாளில் வரைய வைத்துவிட்டுக் காட்டுங்கள்.

ஆளுக்கொரு கணினி கிடைத்தாலும் மென்பொருளைப் பழகவே இரண்டு பீரியட் போய்விடும். பாடவேளை குறைவாக இருந்தால் கோப்பை நீங்களே தயாரித்துக்கொண்டு போய், பிள்ளைகள் இழுக்க மட்டும் செய்யட்டும்.

வாங்கும் மாதிரிகள்

மெருகு போட்ட மரப் பட்டகமும் பிரமிடும் பார்க்க அழகு. ஆனால் முடிந்துபோன பொருளில் பிள்ளைக்குச் செய்ய ஒன்றுமில்லை, எண்ணுவதோடு சரி, அதற்கு எந்தப் பெட்டியும் போதும். முப்பரிமாண அச்சு இயந்திரம் இருந்தால் நல்லதுதான், அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

நான் விலக்குக் கொடுப்பது ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் சின்னக் கனசதுரங்களுக்கு. கன அளவுப் பாடத்தின் பெரிய பிழை அங்கேதான் வெளிப்படும். 3, 4, 5 அளவுள்ள கட்டியைக் காட்டி எத்தனை கனசதுரம் என்று கேட்டால் 94 என்று ஒரு பதில் வரும். அவர்கள் எண்ணியது ஆறு பக்கமும் தெரியும் சதுரங்களை, அதாவது புறப்பரப்பை. மூலையில் இருக்கும் ஒரே கனசதுரத்தை மூன்று முறை எண்ணியிருப்பார்கள், உள்ளே ஒளிந்திருப்பதை எண்ணியே இருக்க மாட்டார்கள். கட்டியை அடுக்கு அடுக்காகப் பிரிக்கச் சொல்லுங்கள், அடுக்குக்கு 12, ஐந்து அடுக்கு, 60. நீளம், அகலம், உயரம் பெருக்குவது ஏன் என்பது அந்தப் பிரிப்பில் இருக்கிறது. பக்கத்தை இரட்டித்தால் பரப்பு நான்கு மடங்கு, கன அளவு எட்டு மடங்கு என்பதையும் எட்டு கனசதுரம் வைத்து ஒரு நிமிடத்தில் முடிக்கலாம். மேலிருந்து, முன்னிருந்து, பக்கத்திலிருந்து பார்க்கும் தோற்றங்களுக்கும் இவையே போதும். முன்தோற்றமும் மேல்தோற்றமும் மட்டும் கொடுத்துக் கட்டச் சொன்னால், ஒரே தோற்றத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கட்டடங்கள் வருவதை அவர்களே பார்ப்பார்கள்.

யாருக்கு எது

வகுப்பு பெரிது, கருவி எதுவும் இல்லை என்றால் கட்டத்தாள் ஒன்றே போதும், மூன்று நான்கு பேர் கொண்ட குழுவுக்கு ஒரு கத்தரிக்கோல். வீட்டில் ஒன்றிரண்டு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவர் என்றால் கனசதுரங்களும் காகிதமும் சேர்ந்து நன்றாக நடக்கும், நேரமும் உங்கள் கையில். பிள்ளைகள் ஏற்கெனவே பண்புகளைச் சொல்லத் தெரிந்தவர்கள், எட்டாம் வகுப்புக்கு வந்தவர்கள் என்றால் கவராயத்தையும் திரையையும் கூட்டிக்கொள்ளலாம். தேர்வுக்கு இன்னும் இரண்டு வாரம்தான் என்றால் மற்றதை விடுங்கள், உருளை, கூம்பு, பட்டகம் மூன்றையும் வெட்டி விரித்து, சூத்திரத்தின் ஒவ்வொரு பகுதியும் வலையின் எந்தத் துண்டு என்று எழுத வையுங்கள். சூத்திரம் மறந்தாலும் வலையை வரைந்து மீட்டுக்கொள்வார்கள்.

போதுமான அளவு காகித வேலை ஆகிவிட்டதா, அடுத்ததற்குப் போகலாமா என்று தெரிந்துகொள்ள நான் நம்புவது ஒரே கேள்வியை. ஐந்து சதுரங்களைச் சேர்த்துச் செய்யக்கூடிய உருவங்கள் 12. அவற்றை ஒரே தாளில் வரைந்து கொடுத்து, எவையெல்லாம் மூடியில்லாத பெட்டியாக மடியும் என்று கேளுங்கள், கத்தரிக்கோல் கிடையாது. மடிபவை 8. எண்ணிக்கையைவிட, மீதி நான்கையும் எப்படித் தள்ளினார்கள் என்பதைக் கேளுங்கள். இதில் நான்கு சதுரம் ஒரே புள்ளியில் சேருது என்று ஒன்றையும், ஐந்தும் ஒரே வரிசை, கடைசிச் சதுரம் முதல் சதுரத்தின் மேலேயே வந்து விழும் என்று இன்னொன்றையும் தள்ளுகிறவர்கள் அடுத்த பாடத்துக்குத் தயார். கையை வளைத்து வளைத்துக் காற்றில் மடித்துப் பார்க்கிறவர்களும் தயார்தான், கொஞ்சம் நேரம் கொடுங்கள். கத்தரிக்கோல் கேட்கிறவர்களுக்குக் கத்தரிக்கோலைக் கொடுத்துவிடுங்கள், அவர்களுக்கு இன்னும் ஒரு வாரம் காகிதம் வேண்டும்.